ஒரே அளவுத் துகள்கள்: ஒளியியல் பொருள்களுக்கான பிசின் மணிகளின் உற்பத்தி

ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியை எஃகு, சிமெண்டு, உரம் ஆகியவற்றின் டன் கணக்கைக் கொண்டு அளப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் தவறானதன்று, எனினும் முழுமையானதும் அன்று. சில பொருள்கள் கிலோக் கணக்கில் மட்டுமே தேவைப்படுகின்றன. ஆயினும் அவை கிடைக்காவிடில் பல்லாயிரம் கோடி ரூபாய் பெறுமானமுள்ள தொழில்கள் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேரிடும். ஒளியியல் பொருள்களில் பயன்படும் சீரான பல்லுறுப்பிப் பிசின் துகள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கண்ணுக்கு வெண்பொடியாகத் தோன்றும் இப்பொருளின் தன்மை, உற்பத்தி முறை, பொருளாதாரம் ஆகியவற்றை அறிந்துகொள்வது மாணவர்க்கும் தொழில்துறை நிர்வாகத்தில் ஈடுபட்டோர்க்கும் பயன் தரும்.

சீரான துகள் என்பது யாது?

பல்லுறுப்பி என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உருவாகும் பொருளாகும். அச்சிறு மூலக்கூறை ஒற்றையுறுப்பி என்பர். ஸ்டைரீன் என்னும் திரவத்திலிருந்து பாலிஸ்டைரீனும், மெதில் மெதாக்ரிலேட் என்னும் திரவத்திலிருந்து அக்ரிலிக் பிசினும் கிடைக்கின்றன. இவ்விரண்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிசின்கள்.

இப்பிசின்களை உருண்டையான நுண்மணிகளாகச் செய்வது கடினமன்று. எல்லா மணிகளையும் ஒரே விட்டமுடையனவாகச் செய்வதே கடினம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியியல் தொழிலில் பெரிதும் வேண்டப்படும் மணிகளின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 20 மைக்ரான் வரை ஆகும். 5 மைக்ரான் விட்டமுள்ள அக்ரிலிக் மணிகளை ஒரு கிராம் எடுத்துக்கொண்டால், அதனுள் ஏறக்குறைய 1,280 கோடி மணிகள் இருக்கும். இது உலக மக்கள்தொகையினும் மிகுதி. இத்தனை மணிகளும் அளவில் ஒத்திருக்க வேண்டும் என்பதே தொழில்நுட்பம் எதிர்கொள்ளும் சவால்.

சீர்மையை அளக்கப் புள்ளியியலில் பழக்கமான மாறுபாட்டுக் கெழுவே பயன்படுகிறது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் இக்கெழு கிடைக்கும். சராசரி விட்டம் 5 மைக்ரானாகவும் திட்ட விலக்கம் 0.15 மைக்ரானாகவும் இருந்தால், கெழு 3 சதவீதம். இக்கெழு 5 சதவீதத்துக்குள் அடங்கும் மணிகளைச் சீரானவை என்று கொள்வது தொழில் வழக்கு. சாதாரண முறையில் செய்யப்படும் மணிகளின் கெழு இதனைப் போலப் பன்மடங்கு.

ஒளியியலில் இவற்றின் பணி

முதற்பணி ஒளியைப் பரப்புதல். திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் உள்ள விளக்குகளின் ஒளியே திரை முழுவதும் ஒரே சீராகப் பரப்பப்படுகிறது. இதற்கென நுண்மணிகள் பதிக்கப்பட்ட பரப்பித் தாள்கள் இடப்படுகின்றன. எல்.இ.டி. விளக்கிலும் இதுவே நிலை. சிறு புள்ளியிலிருந்து கிளம்பும் கூசொளியை மெல்லொளியாக்க, மேல்மூடியாக அமைந்த பாலிகார்பனேட் பிசினில் பரப்பிப் பொருள் கலக்கப்படுகிறது.

இங்கு ஒளிவிலகல் எண் முதன்மை பெறுகிறது. அக்ரிலிக் பிசினின் எண் 1.49, பாலிஸ்டைரீனின் எண் 1.59, சிலிக்கோன் பிசினின் எண் ஏறத்தாழ 1.43. மணியின் எண்ணும் அதனைச் சூழ்ந்த பொருளின் எண்ணும் ஒன்றாயின் மணி இருப்பதே தெரியாது. ஒளி வளையாமல் செல்லும். வேறுபாடு மிகப் பெரிதாயின் ஒளியின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்பி வீணாகும். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெண்நிறமிகளின் குறை இதுவே. வேறுபாட்டை அளவாக அமைத்தால் ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே சிதறும். கண்கூச்சமும் குறையும், வெளிச்சமும் வீணாகாது. ஸ்டைரீனையும் மெதில் மெதாக்ரிலேட்டையும் வேண்டிய விகிதத்தில் சேர்த்து, 1.49க்கும் 1.59க்கும் இடைப்பட்ட எண்ணுள்ள மணிகளைச் செய்துகொள்ளலாம் என்பது பல்லுறுப்பி மணிகளின் தனிச்சிறப்பு.

இரண்டாவது பணி இடைவெளி காத்தல். திரவப் படிகத் திரையில் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சில மைக்ரான் இடைவெளியே உண்டு. அவ்விடைவெளி எங்கும் ஒன்றாயிராவிடில் திரையில் நிறமும் ஒளியும் திட்டுத்திட்டாய் மாறும். தகடுகளுக்கிடையே தூவப்பட்ட ஒரே அளவு மணிகள் தூண்கள்போல் நின்று இடைவெளியைக் காத்தன. ஜப்பானின் செக்கிசுயி கெமிக்கல் நிறுவனத்தின் மைக்ரோபேர்ல் மணிகள் இத்துறையில் பெயர் பெற்றவை. பிற்காலத்தில் பெரிய தொலைக்காட்சித் திரைகளில், கண்ணாடியின் மேலேயே ஒளியச்சு முறையில் நுண்தூண்களை எழுப்பும் வழக்கம் வந்தது; மணிகளின் பங்கு இப்பயனில் சுருங்கியது.

மூன்றாவது பணி நிறம் தருதல். ஏறத்தாழ 200 முதல் 300 நானோமீட்டர் விட்டமுள்ள மணிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டால், சாயம் ஏதுமின்றி வண்ணம் தோன்றும். ஓப்பல் என்னும் மணிக்கல்லின் நிறவிளையாட்டுக்கு, ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகளின் ஒழுங்கான அடுக்கே காரணம் என்பதை 1964இல் ஆஸ்திரேலிய அறிஞர் சாண்டர்ஸ் விளக்கினார். பிசின் மணிகளைக் கொண்டும் இதே விளைவைப் பெறலாம்.

மரபு முறைகளும் இடையில் நேர்ந்த வெற்றிடமும்

நுண்மணிகளைச் செய்ய மரபாக இரு முறைகள் உள்ளன. முதலாவது தொங்கல் முறை. எண்ணெய் போன்ற ஒற்றையுறுப்பியை நீரில் இட்டுக் கலக்கினால் அது துளிகளாகச் சிதறும். வெப்பம் கொடுத்தால் துளிகள் இறுகி மணிகளாகும். தயிர் கடையும்போது திரளும் வெண்ணெய்த் துளிகள் எவ்வாறு ஒன்றுபோல் இருப்பதில்லையோ, அவ்வாறே கலக்கியால் உடைபடும் துளிகளும் சிறிதும் பெரிதுமாகவே அமையும். இம்முறையில் 10 மைக்ரான் முதல் ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மணிகள் வரை கிடைக்கின்றன, சீர்மை கிடைப்பதில்லை.

இரண்டாவது பால்ம முறை. இதில் சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்து, நீரில் கரையும் தொடக்கியைக் கொண்டு வினை நடத்தப்படுகிறது. துகள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்து ஒரே நேரம் வளர்வதால், மிகச் சீரான மணிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விட்டம் பொதுவாக ஒரு மைக்ரானை எட்டுவதில்லை.

இவ்வாறு ஒரு முறை சீர்மையைத் தந்து அளவைத் தரவில்லை. மற்றொன்று அளவைத் தந்து சீர்மையைத் தரவில்லை. ஒளியியல் தொழிலுக்குத் தேவையான 1 முதல் 20 மைக்ரான் பகுதி இரண்டுக்கும் இடையில் வெற்றிடமாகவே நின்றது.

இவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்த எண்ணம் எளியது: பால்ம முறையில் கிடைத்த சிறு மணியை விதையாகக் கொண்டு, அதற்கு மேலும் ஒற்றையுறுப்பியை ஊட்டி வளர்ப்பது. இங்கே இரு தடைகள் குறுக்கிட்டன. முதலாவது, பிசின் விதை தன் கன அளவைப்போல் சில மடங்கு ஒற்றையுறுப்பியையே உறிஞ்ச வல்லது. கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். எனவே விட்டம் இரட்டிக்கக் கன அளவு 8 மடங்காக வேண்டும். 1 மைக்ரான் 5 மைக்ரான் ஆவதற்கு 125 மடங்கும், 10 மைக்ரான் ஆவதற்கு 1,000 மடங்கும் வேண்டும். ஆகவே பல படிகளாக வளர்க்க நேரும். ஒவ்வொரு படியிலும் புதிய சிறு மணிகள் பிறந்து சீர்மையைக் கெடுக்கும்.

இரண்டாவது தடை புவியீர்ப்பு. ஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 0.91, பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. ஆகவே ஸ்டைரீன் ஊறிய துகள் தொடக்கத்தில் நீரில் மேலெழும். இறுகியபின் கீழே படியும். ஸ்டோக்ஸ் விதிப்படி இவ்வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். 10 மைக்ரான் துகள் 1 மைக்ரான் துகளைவிட 100 மடங்கு விரைவாக நகரும். இதைத் தடுக்க வேகமாகக் கலக்கினால் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும்.

இரு நாடுகள், இரு வழிகள்

இச்சிக்கலுக்கு இருவேறு விடைகள் காணப்பட்டன. அமெரிக்காவில் லீஹாய் பல்கலைக்கழகத்தின் வாண்டர்ஹாஃப் தலைமையிலான குழுவினர், புவியீர்ப்பின் விளைவையே நீக்கிவிட முனைந்தனர். 1982 மார்ச்சில் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் மூன்றாவது பயணத்தில் அவர்களது வினைக்கலம் விண்ணுக்கு அனுப்பப்பட்டது. தொடர்ந்து வேறு சில பயணங்களிலும் சென்றது. எடையற்ற நிலையில் துகள்கள் மிதக்கவும் இல்லை, படியவும் இல்லை. மெல்லக் கலக்கினாலே போதுமாயிற்று. அவ்வாறு உருவான 10 மைக்ரான் மணிகளை 1985இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பு அளவுத் தரப்பொருளாக விற்பனைக்கு வைத்தது. விண்வெளியில் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்த முதற்பொருள் என்று இது போற்றப்பட்டது.

நார்வே நாட்டில் டிராண்ட்ஹைம் நகரின் பேராசிரியர் ஜான் உகெல்ஸ்டாட் 1970களின் பிற்பகுதியில் வேறொரு வழியைக் கண்டிருந்தார். விதைத் துகளினுள் முதலில், நீரில் ஏறத்தாழக் கரையாததும் சிறு மூலக்கூறுகளால் ஆனதுமான ஓர் எண்ணெய்ப் பொருளைப் புகுத்தினார். அசிட்டோன் போன்ற கரைப்பான் அப்பொருளை நீரின் வழியே விதைக்குள் கொண்டு சேர்க்கும்; கரைப்பானை நீக்கியபின் அது வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கிவிடும். இவ்வாறு செய்யப்பட்ட விதை, தன் கன அளவைப்போல் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்குக்கு மேலும் ஒற்றையுறுப்பியை உறிஞ்ச வல்லதாயிற்று. பல படிகள் ஒரே படியாகச் சுருங்கின. பெரிய, சீரான மணிகள் தரையிலேயே கிடைத்தன.

இக்கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. மணிகளுக்குக் காந்தத் தன்மை ஊட்டப்பட்டு, 1986இல் நிறுவப்பட்ட டைனல் என்னும் நிறுவனத்தின் வழியாக மருத்துவ ஆய்வுக்கு அவை உலகெங்கும் சென்றன. அதே வீக்க வினைமுறைக் கோட்பாடு ஒளியியல் மணிகளின் உற்பத்திக்கும் அடிப்படையாயிற்று. விண்வெளி வழி அளவுத் தரப்பொருளைத் தந்தது. வேதியியல் வழி ஒரு தொழிலைத் தந்தது. ஆய்வில் எத்துணைப் பெருந்தொகை செலவிடப்படுகிறது என்பதைவிட, சிக்கலின் வேர் எங்கே உள்ளது என்று காண்பதே பெரிது என்பதற்கு இது சிறந்த சான்று.

ஜப்பானில் மற்றொரு வழி தோன்றியது. கியூஷு தீவில் ஷிராசு எனப்படும் எரிமலைச் சாம்பல் மண் மிகுதியாக உண்டு. வேளாண்மைக்கு அவ்வளவாக உதவாத அம்மண்ணிலிருந்து, ஒரே அளவு நுண்துளைகள் கொண்ட கண்ணாடிக் குழாய்களை மியாசாகி மாவட்ட ஆய்வாளர்கள் 1980களில் உருவாக்கினர். அத்துளைகளின் வழியே ஒற்றையுறுப்பியை நீருக்குள் அழுத்தினால், துளிகள் தொடக்கத்திலேயே ஒத்த அளவினவாகப் பிறக்கும். உள்ளூர் மண் உயர் தொழில்நுட்பத்தின் கருவியானது கவனத்திற்குரியது.

இவையன்றிச் சிதறல் முறையும் உண்டு. இதில் ஒற்றையுறுப்பி ஆல்கஹாலில் கரைக்கப்படுகிறது. விளையும் பிசின் ஆல்கஹாலில் கரையாதாகையால் நுண்துகளாகப் பிரிந்து, பாதுகாப்புப் பொருளின் துணையோடு வளர்கிறது. 1 முதல் 10 மைக்ரான் வரையுள்ள சீரான மணிகளை ஒரே படியில் பெற இது உதவும். ஆனால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பொருளைத் தொடக்கத்திலேயே மிகுதியாகச் சேர்த்தால் சீர்மை கெடும்.

ஆலையில் நிகழும் படிகள்

வீக்க முறையில் இயங்கும் ஆலையில் வேலை ஐந்து படிகளாக நடைபெறுகிறது. முதற்படி விதை தயாரித்தல். இதில் நேரும் பிழையைப் பின்னர் திருத்த இயலாது. இரண்டாம் படி வீங்கச் செய்தல். மூன்றாம் படி இறுகச் செய்தல். ஆக்சிஜன் வினையைத் தடுக்கும் என்பதால் நைட்ரஜன் வாயுச் சூழலில், பெரும்பாலும் 60 முதல் 80 பாகை வெப்பத்தில் இது நிகழும். டைவினைல் பென்சீன் போன்ற பிணைப்பான்கள் சேர்க்கப்படுவதால், பின்னர் 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கிய பிசினோடு கலக்கும்போதும் மணிகள் உருக்குலைவதில்லை. நான்காம் படி கழுவுதலும் உலர்த்தலும். சோப்பு எஞ்சினால் நாளடைவில் தாள் மஞ்சளிக்கும், உலர்த்தும்போது மணிகள் ஒட்டிக்கொண்டால் அதுவரை பட்ட பாடு வீணாகும். ஐந்தாம் படி தரம்பிரித்தலும் சோதனையும். கோடிக்கணக்கான மணிகளிடையே கலந்துவிட்ட ஒருசில பெருமணிகளே தாளில் கீறலாகவும் திரையில் புள்ளியாகவும் வெளிப்படும். ஆகவே சராசரியை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யலாகாது.

விலைக் கணக்கு

மலிவான முறையில் செய்து, சலித்தெடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழலாம். ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். தொங்கல் முறையில் 100 கிலோ செய்யக் கிலோவுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அதில் வேண்டிய அளவுள்ளவை 20 கிலோ மட்டுமே எனில், அவற்றின் அடக்கவிலை கிலோவுக்கு 5,000 ரூபாய். எஞ்சிய 80 கிலோவை வேறு பயனுக்குக் கிலோ 300 ரூபாய்க்கு விற்று 24,000 ரூபாய் பெற்றாலும், அடக்கவிலை 3,800 ரூபாய்க்குக் குறையாது. வீக்க முறையில் கிலோவுக்கு 2,500 ரூபாய் செலவாகி, 100 கிலோவில் 90 கிலோ தேறினால், அடக்கவிலை சுமார் 2,778 ரூபாய்தான். செலவு மிக்க முறையே இறுதியில் மலிவாகிறது. தேறும் விகிதமே இத்தொழிலின் உயிர்நாடி. மூலப்பொருளின் விலையையும் கூலியையும் மட்டும் ஒப்பிட்டு ஒரு திட்டத்தை மதிப்பிடுவோர் இவ்வுண்மையைத் தவறவிட நேரும்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இப்பொருளுக்கான தேவை மறைமுகமாகப் பெருகி வந்துள்ளது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதலின் வலிமையால், 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாகக் குறைந்தது. இது பெரும் சாதனை. எனினும் விளக்கைப் பூட்டி முடிப்பது வேறு. அதன் உட்பொருள்களைச் செய்வது வேறு. விலை குறையும்போது உற்பத்தியாளர் உட்பொருளை மலிவாகக் கிடைக்குமிடத்தில் வாங்கவே விழைவர். கைபேசித் தொழிலிலும் திரைகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை குறைகடத்தி மற்றும் திரை உற்பத்திக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பெரிய ஆலைகள் எழும்போது அவற்றுக்குத் தேவையான நுண்பொருள்களும் உள்நாட்டில் கிடைத்தால்தான் மதிப்புக் கூட்டலின் பயன் நாட்டுக்குள் தங்கும்.

அடிப்படை இல்லாமல் இல்லை. புனேயில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் பல்லுறுப்பி அறிவியலில் நீண்ட அனுபவம் உடையது. 1968இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் பயிற்சி பெற்றவர்களைத் தொடர்ந்து உருவாக்கி வருகிறது. மறுபுறம், முக்கிய மூலப்பொருளான ஸ்டைரீனுக்கு நாடு நெடுங்காலமாக இறக்குமதியையே நம்பி வந்துள்ளது. ஆயினும் இங்குத் தேவைப்படும் அளவு சிறிது. தடையாக இருப்பது மூலப்பொருள் பற்றாக்குறையைவிடச் செய்முறைக் கட்டுப்பாடும், அளவீட்டு வசதியும், வாங்குவோரின் நம்பிக்கையுமே ஆகும். ஒரு திரை உற்பத்தியாளர் புதிய மணிகளை ஏற்கும் முன் மாதக்கணக்கில் சோதிப்பார். அக்காலம் முழுவதும் விற்பனையின்றித் தாங்கும் முதல் சிறு நிறுவனங்களிடம் இராது.

எனவே மூன்று நடவடிக்கைகள் பயன் தரும். ஒன்று, பல நிறுவனங்கள் கூட்டாகப் பயன்படுத்தத்தக்க அளவீட்டு, முன்னோடி உற்பத்தி நிலையங்களை ஆய்வுக்கூடங்களை ஒட்டி அமைத்தல். இரண்டு, அரசுக் கொள்முதலில் விலையோடு ஒளிப்பரப்புத் தரத்தையும் வெளிச்ச இழப்பையும் அளவுகோலாகச் சேர்த்தல். மூன்று, ஒரே பயனை நம்பி ஆலை அமைக்காமல், விளக்கு, திரை, மருத்துவச் சோதனை எனப் பலவற்றுக்கும் ஏற்ற மணிகளைச் செய்யும் நெகிழ்வுடன் திட்டமிடல். இடைவெளி மணிகளின் இடத்தை நுண்தூண்கள் கைப்பற்றியதும், பின்விளக்கே வேண்டாத கரிம ஒளிர்திரைகள் பரவி வருவதும் இம்மூன்றாவது எச்சரிக்கையை வலியுறுத்துகின்றன.

பாதுகாப்பும் சுற்றுச்சூழலும்

ஒற்றையுறுப்பிகள் இணையும்போது வெப்பம் வெளிப்படும். வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்தும். குளிர்ச்சியும் தடுப்பானும் தவறினால் சேமிப்புத் தொட்டியிலேயே வினை கட்டுமீறக்கூடும். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்த துயரம், இதனை ஏட்டுப் பாடமாக மட்டும் கொள்ளலாகாது என்பதை உணர்த்தியது. ஆலை சிறிதாயினும் தொட்டியின் வெப்பக் கண்காணிப்பும், சுற்றிலும் வாழ்வோர்க்கான எச்சரிக்கை ஏற்பாடும் முதலீட்டின் பிரிக்க இயலாத பகுதியாக அமைய வேண்டும்.

கழுவுநீரோடு வெளியேறும் நுண்மணிகள் எளிதில் சிதைவதில்லை. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்குகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு விதித்தது. தாளிலும் மூடியிலும் நிலையாகப் பதிந்த மணிகள் பரவும் வாய்ப்புக் குறைவு. ஆலையிலிருந்து வெளியேறும் நீரே கவனத்துக்குரியது. நுண்வடிகட்டலும் நீரை மீண்டும் பயன்படுத்துதலும் திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெறுவது நன்று.

முடிவுரை

சீரான பிசின் துகள்களின் வரலாறு தரும் பாடம் தெளிவானது. நார்வே போன்ற சிறிய நாடு ஒரு வேதியியல் உண்மையைக் கண்டு, அதனைத் தொழிலாக்கி, உலகச் சந்தையில் இடம்பெற்றது. ஜப்பான் பயனற்ற மண்ணாகத் தோன்றியதைக் கருவியாக்கியது. இரண்டிலும் ஆய்வுக்கூடமும் ஆலையும் நெருங்கி நின்றன. சந்தை உருவாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தன. டன் கணக்கில் உற்பத்தியைப் பெருக்குவதில் இந்தியா பெற்ற அனுபவம் பெரிது. மைக்ரான் கணக்கில் துல்லியத்தைப் பேணும் திறனும் அதனோடு சேருமாயின், நாட்டில் விற்கப்படும் விளக்கின் ஒளியும் திரையின் தெளிவும் நாட்டின் உழைப்பாகவே அமையும்.